கறியும் மீனும்: எதைக் கழுவ வேண்டும், எதை விட்டுவிடலாம்

போன தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. லண்டனிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் கடையில் கோழி வாங்கி வந்து, பையைப் பிரித்து அப்படியே சட்டியில் கொட்டப் போனான். அம்மா பதறிவிட்டாள். "ஏலே, கழுவாமலா ஆக்கப் போற?"

"ஆச்சி, அங்க கோழியைக் கழுவாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுது."

"அந்தக் கோழி வேற, இந்தக் கோழி வேற" என்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்கள் குழம்புவதும் இந்த இடத்தில்தான். பாட்டி ஏழு தண்ணீர் கழுவு என்கிறாள், ஃபோனில் வரும் வீடியோ தொடவே தொடாதே என்கிறது. எதை எவ்வளவு கழுவுவது, எப்படிக் கழுவுவது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதல் முறை சமைப்பவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், கைதேர்ந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழுவினால் எது போகும், எது போகாது

இறைச்சியில் நமக்கு வேண்டாதவை இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு: ரத்தக்கட்டி, இறகு, எலும்புத் தூள், மண், செதில். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கிருமி. கோழியில் சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும்தான் அதிகத் தொல்லை தருபவை. முதல் வகை தண்ணீரில் போகும். இரண்டாவது வகை இறைச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதில் கொஞ்சத்தைப் பெயர்த்து, சிங்க்கிலும் மேடையிலும் பக்கத்தில் இருக்கும் தட்டிலும் தெளித்துவிடும். மிச்சம் கறியிலேயே இருக்கும். அதைக் கொல்வது அடுப்புதான். கோழியின் உள்பக்கம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும் என்கிறார்கள். தளதளவென்று கொதிக்கிற குழம்பு அதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது.

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் "கோழியைக் கழுவாதீர்கள்" என்று பிரசாரமே செய்தது. அமெரிக்க வேளாண் துறை 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோழித்துண்டுகளில் தீங்கில்லாத ஓர் அடையாளக் கிருமியைத் தடவிக் கொடுத்து, சமைக்கச் சொல்லிக் கவனித்திருக்கிறார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைத் தேய்த்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் மிச்சம் இருந்தது. 26 சதவீதம் பேர் பக்கத்தில் செய்த சாலட்டுக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

இதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் உண்டு. கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டுக்குக் கிருமி போயிருக்கிறது. காரணம், கையை ஒழுங்காகக் கழுவவில்லை. ஆகவே கறியைத் தண்ணீரில் காட்டாவிட்டால் தப்பித்தோம் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சமையல் என் முறை. ஒன்றரைக் கிலோ கோழியைச் சிங்க்கில் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் அலசினேன். தண்ணீர் சட்டையில் எல்லாம் தெறித்தது. சிங்க்குக்கு இடது பக்கம் பச்சடிக்கு நறுக்கிய வெள்ளரிக்காய் திறந்தே கிடந்தது. குழம்பு எலும்பு கழன்று வருகிற அளவுக்கு வெந்திருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி இரண்டு பேருக்கு வயிறு போய், கழிவறை வாசலில் வரிசை. பச்சடியைத் தொடாத இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நான் கோழி கழுவியதில்லை.

அப்படியானால் ஏன் கழுவ வேண்டும்?

வெளிநாட்டில் கோழி ஆலையில் சுத்தமாகி, தட்டில் பிளாஸ்டிக் சுற்றி வருகிறது. அதைக் கழுவி எடுக்க ஒன்றும் இல்லை. நம் தெருமுனைக் கடையில் நம் கண் முன்னாலேயே அறுத்து, டிரம்மில் சுற்றி, தோல் உரித்து, புளியங்கட்டையில் வைத்து வெட்டித் தருகிறார்கள். வெட்ட வெட்டக் கட்டையின் சிராய் கறியோடு வரும். எலும்புத் தூள் வரும், சிலசமயம் ஒட்டின இறகும் வரும். கடைக்காரர் எடை போடும் முன் ஒருமுறை வாளியில் முக்கி எடுப்பார். அந்த வாளித் தண்ணீர் காலையிலிருந்து அதே தண்ணீராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இதைக் கழுவாமல் சமை என்று அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன்.

ஆக, கழுவுங்கள். அழுக்கு போகக் கழுவுங்கள், தெறிக்காமல் கழுவுங்கள்.

கோழி: தெறிக்காமல் கழுவும் முறை

1. மற்ற எல்லா வேலையையும் முதலில் முடியுங்கள். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி நறுக்கி மூடி வையுங்கள். பச்சடி செய்வதானால் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கழுவி உலர வைத்த தட்டு, டம்ளர் சிங்க் அருகே இருந்தால் நகர்த்துங்கள். கோழிக்குக் கடைசி முறை.

2. ஓர் அகலமான, ஆழமான பாத்திரத்தில் முதலில் தண்ணீர் பிடியுங்கள். குழாயை மூடுங்கள். அப்புறம் கோழியைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். கோழியின் மேல் குழாய்த் தண்ணீர் நேராக விழக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் தெறிக்கும்.

3. தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு துண்டாகக் கையால் தடவிப் பாருங்கள். சிராய், இறகு, ரத்தக்கட்டி, முதுகெலும்பை ஒட்டி இருக்கும் பஞ்சு மாதிரியான நுரையீரல், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குமட்டுகிற வாடைக்குப் பாதிக் காரணம் அந்த நுரையீரல் துணுக்குதான்.

4. தண்ணீரைச் சிங்க்கின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். இன்னொரு தண்ணீர். மொத்தம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

5. வடிதட்டில் போட்டு நீர் வடிய விடுங்கள். தட்டுக்கு அடியில் ஒரு பாத்திரம் இருக்கட்டும், மேடையில் சொட்ட வேண்டாம்.

"தண்ணீர் தெளிகிற வரை கழுவு" என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். சிவப்பாக வருவதெல்லாம் ரத்தம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அறுத்தவுடனே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். அப்புறமும் தண்ணீரைச் சிவப்பாக்குவது தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம். அது அழுக்கில்லை. அது முழுக்கப் போகும்வரை பிசைந்து பிசைந்து கழுவினால் கறியின் ருசியும் சேர்ந்து போய்விடும்.

மஞ்சள் போடலாமா? போடுங்கள், நானும் போடுகிறேன். வாடை மட்டுப்படும், நிறம் வரும். ஆனால் ஒரு சிட்டிகை மஞ்சளும் உப்பும் இரண்டு நிமிடத்தில் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி வேகவைப்பதில் அசட்டையாக இருக்காதீர்கள். எலுமிச்சை, வினிகர் கதையும் இதுவே.

நாட்டுக்கோழி என்றால் கடையிலேயே மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டித் தரச் சொல்லுங்கள். பூமயிர் கருகிவிடும், தோலோடு சமைக்கலாம். வீட்டில் அந்தக் கரியை மட்டும் கத்தியால் லேசாகச் சுரண்டிக் கழுவினால் போதும்.

வறுவலுக்கு எடுக்கும் பெரிய தொடைத் துண்டில்தான் கவனம் வேண்டும். வெளியே சிவந்துவிடும், எலும்பு ஓரம் வேகாமல் இருக்கும். ஒரு துண்டை எடுத்து எலும்பு வரை கீறிப் பாருங்கள். சதை கண்ணாடி மாதிரி இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் இன்னும் வேக வேண்டும்.

ஆட்டுக்கறி

இதற்கு அவ்வளவு பாடு வேண்டாம். கறியாக வாங்கினால் ஒரு தண்ணீர், எலும்புக்கறியானால் எலும்புத் தூள் போக இரண்டு தண்ணீர். முடிந்தால் பெரிய துண்டாகவே கழுவிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். ஈரலைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். மேல் சவ்வை உரித்து, ஒரு முறை அலசி எடுத்தால் போதும்.

கொத்துக்கறி மட்டும் சிக்கல். கொத்தின பிறகு கழுவினால் பாதி சாக்கடைக்குப் போகும். துண்டாக வாங்கி, கழுவி, துடைத்து, அப்புறம் வீட்டில் கொத்துவதுதான் நல்லது. கடையில் கொத்தி வாங்கிவிட்டீர்களா, கண் சிறிய வடிகட்டியில் போட்டு ஒரு பாத்திரத் தண்ணீரில் முக்கி எடுங்கள். எப்படி இருந்தாலும் நன்றாக வேகவையுங்கள். முழுத் துண்டில் மேல்புறத்தில் மட்டும் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடும்.

இதுவரை சொன்ன சிக்கனம் எதுவும் குடலுக்குப் பொருந்தாது. அதைத் தண்ணீர் தெளிகிற வரை கழுவியே ஆக வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் திருப்பிப் போட்டு அலசுங்கள். அப்புறம் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால், துண்டுத்துணி மாதிரி இருக்கும் இரைப்பையின் கறுப்புத் தோல் கத்தியால் சுரண்டினாலே கழன்று வரும். பிறகு மஞ்சள், கல் உப்பு போட்டுத் தேய்த்து மூன்று நாலு தண்ணீர். முதல் முறை செய்பவர்கள் சுத்தம் செய்து தரும் கடையில் வாங்குவதே மேல். நான் இன்னும் அப்படித்தான்.

மீன்: இங்கே அம்மா கட்சிதான்

மீனைப் பொறுத்தவரை நம் பழக்கத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. கடல்மீனில் விப்ரியோ என்ற கிருமி வகை இருக்கும். அதில் வயிற்றைக் கெடுக்கும் முக்கியமான ஒன்று உப்புத் தண்ணீரில் வாழப் பழகியது, நல்ல தண்ணீர் அதற்கு ஆகாது. பச்சையாக மீன் தின்னும் ஜப்பானில் சுகாதார அமைச்சகமே மீனை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்கிறது. போதாததற்கு மீனில் செதில், கொழகொழப்பு, செவுள், குடல், மண் என்று கழுவ எவ்வளவோ இருக்கிறது.

ஆனால் ஒன்று. கெட்ட மீனைக் கழுவி நல்ல மீனாக்க முடியாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அன்றைக்கு வாங்கின அந்த மீனாகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் படி கடையிலேயே. கண் குழிவிழாமல் பளிச்சென்று இருக்கிறதா? செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பா, பழுப்பா? விரலால் அழுத்தினால் சதை மேலே வருகிறதா, பள்ளமாகவே நிற்கிறதா? நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் தூரத்திலிருந்து ஐஸில் வரும் மீன்தான் சந்தையில் அதிகம். இரண்டு தடவை பாருங்கள். 2018-இல் ஃபார்மலின் தடவிய மீன் பற்றிய பேச்சு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரிதாகக் கிளம்பியது நினைவிருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கக் காகிதக் கீற்றுச் சோதனை ஒன்றையே உருவாக்கியது. ஃபார்மலினும் கழுவினால் முழுசாகப் போகிற சமாசாரம் இல்லை. மீன் விறைத்துக் கிடந்து, மீன் வாடையே அடிக்காமல், ஈயும் மொய்க்காமல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இனி வீட்டில்:

1. மீனைக் கடையிலேயே வெட்டி வாங்கியிருந்தாலும் ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும், நடுமுள்ளை ஒட்டி ஒரு ரத்தக் கோடு இருக்கும். இரண்டையும் நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டி எடுத்து, ஒரு தண்ணீரில் அலசுங்கள். கசப்புக்கும் கவிச்சிக்கும் இவைதான் காரணம்.

2. ஒரு கைப்பிடி கல் உப்பைத் துண்டுகளின் மேல் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் மண்சட்டியில் தேயுங்கள். கொழகொழப்பு உப்போடு திரண்டு சாம்பல் நிறத்தில் வரும். தூள் உப்பு உடனே கரைந்துவிடும், தேய்ப்பதற்கு உதவாது. தேய்க்கும்போது துண்டு நொறுங்காமல் தோல் பக்கத்தை மட்டும் சட்டியில் உரசுங்கள்.

3. இரண்டு தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் கொஞ்சம் புளித் தண்ணீரில் புரட்டி எடுத்து, கடைசியாக ஒரு தண்ணீர். கடல்மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை கொண்டது. புளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டால் அது அடங்கிவிடும். பாட்டிகள் ரசாயனம் படிக்காமலே கண்டுபிடித்தது இது.

4. மஞ்சள் தடவிப் பத்து நிமிடம் வைக்கலாம். ஊற வைப்பது என்றால் இது மட்டும்தான். தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு மசாலா அரைக்கப் போகாதீர்கள். சதை வெளுத்து, சக்கை மாதிரி ஆகிவிடும்.

5. பொரிப்பதற்கு என்றால் சுத்தமான துணியால் ஒற்றித் துடையுங்கள். ஈரம் இருந்தால் மசாலா வழுக்கிக் கல்லில் ஒட்டும், எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும்.

ஆற்று மீன், குளத்து மீனில் வருகிற மண்வாடை வேறு சங்கதி. அதைத் தருவது ஜியோஸ்மின் என்ற பொருள். அதற்கும் புளிப்புதான் மருந்து. விரால், விலாங்கு மாதிரி வழுக்கும் மீனுக்கு ஊரில் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். அடுக்குமாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? அரிசி மாவும் கல் உப்பும் கலந்து தேயுங்கள், பிடி கிடைக்கும். கெளுத்தியைத் தொடுமுன் அதன் பக்கவாட்டு முள்ளைக் கவனியுங்கள், குத்தினால் கை வீங்கிவிடும்.

சுறாவைக் கழுவி மட்டும் ஆகாது. அதன் சதையிலிருக்கும் யூரியா நாள்பட அம்மோனியாவாக மாறும், அதனால்தான் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி. கொதிநீரில் போட்டு எடுத்து, தோலின் மண் போன்ற சொரசொரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அப்புறம் புட்டு செய்யுங்கள்.

நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல் உப்புப் போட்டு நாலு தண்ணீர், அதிலும் கடைசித் தண்ணீரின் அடியில் மணல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இறால், நண்டு, கணவாய், மட்டி

இறாலை ஓட்டோடு ஒரு முறை கழுவி, உரித்து, முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, மஞ்சள் போட்டு ஒரே ஒரு அலசல். கணவாயில் மேல் தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடித் தகடு போன்றதையும் மைப்பையையும் உடையாமல் எடுங்கள். மை உடைந்தால் கெடுதல் எதுவும் இல்லை. சிங்க்தான் எழுதுகிற பேனா கொட்டின மாதிரி ஆகும். நண்டின் கால் இடுக்கிலிருக்கும் சேற்றுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் நல்லது. மேலோட்டைத் திறந்து பஞ்சு மாதிரி இருக்கும் செவுளைப் பிய்த்துப் போடுங்கள். மட்டியை உப்புத் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டால் தானே மணலைக் கக்கும். சமைக்கும் முன் வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் தூரப் போடுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காததையும் அப்படியே.

பாக்கெட்டில் வருவது

சுத்தம் செய்து, மூடி, குளிரில் வரும் கோழியையும் கறியையும் கழுவ வேண்டியதில்லை. அதைத் திறந்து, பையிலுள்ள நீரை வடித்து, சமையல் தாளால் ஒற்றி நேராகச் சட்டியில் போடுங்கள். அண்ணன் மகன் சொன்னது இதற்குப் பொருந்தும். உறைந்த இறாலில் மட்டும் மேலே பனிப்பூச்சு இருக்கும், அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் அலசி எடுக்கலாம்.

உறைந்ததை இளக்க முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். காலையில் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து சமைப்பது நம் ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது. 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

கழுவி முடித்த பிறகு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கறி அடுப்பில் ஏறியதும் கையைப் புடவையிலோ லுங்கியிலோ துடைத்துவிட்டு உப்பு டப்பாவைத் திறப்பார்கள். முதலில் கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி கழுவுங்கள். குழாயின் பிடியையும் மறக்காமல் தேயுங்கள், கறிக் கையால் திறந்தது அதைத்தானே. அப்புறம் பாத்திரம், வடிதட்டு, அரிவாள்மனை அல்லது கத்தி, பலகை. கடைசியாகச் சிங்க்கும் மேடையும்.

சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிய பிறகு, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி பிளீச் திரவம் கலந்து சிங்க்கில் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ சேரவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். மீன் வாடைக்காகச் சிங்க்கில் எலுமிச்சைத் தோலைத் தேய்க்கிறவர்கள் அதை நன்றாக அலசிவிட்டு, பிளீச்சை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடை துடைத்த துணியைக் கொடியில் போட வேண்டாம், நேராகத் துவைக்கப் போடுங்கள்.

மீன் கழுவின தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். உப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு முந்தின, முதல் தண்ணீரைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். அம்மா வாளியோடு பின்கட்டுக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும், அதுவரை எங்கே இருந்தன என்றே தெரியாத மூன்று பூனைகள் மதில்மேல் வந்து உட்கார்ந்துவிடும்.